‘முன்னாடி தள்ளுதுங்க அண்ணா’: பந்தயத் தடத்தில் நல்ல ஆலோசனை பெறுவது எப்படி?

2025 மார்ச் 2 அன்று தாய்லாந்தின் புரிராம் தடத்தில் நடந்த மோட்டோஜிபி பைக் பந்தயத்தில் ஒரு காட்சி பலரைக் குழப்பியது. முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த மார்க் மார்க்கெஸ், ஏழாவது சுற்றில் வேகத்தைத் தளர்த்தித் தம்பி அலெக்ஸை முன்னே போகவிட்டார். வண்டியில் பழுது எதுவும் இல்லை. அதன்பின் பதினைந்து சுற்றுகளாவது தம்பியின் பின்சக்கரத்தை ஒட்டியே ஓடினார். மூன்று சுற்று மிச்சம் இருக்கும்போது முந்தினார், வென்றார். முன் டயரில் அழுத்தம் விதி கேட்ட அளவுக்குக் கீழே இறங்கியிருந்ததுதான் காரணம். முன்னால் போகும் வண்டியின் வெப்பக் காற்றுக்குள் ஓடினால் டயர் சூடேறும், சூடேறினால் அழுத்தம் ஏறும். அதற்காகத்தான் வழிவிட்டார்.

அத்தனை பொறியாளர்களும் சென்சார்களும் இருக்கும் அணியிலேயே ஓர் எண் சரியா தவறா என்பதை ஓட்டத்தின் சூழல்தான் முடிவு செய்கிறது. கூட்டத்துக்கு நடுவே ஓடுபவருக்குப் பொருந்தும் காற்று, தனியாக முன்னே ஓடுபவருக்குப் போதாது.

இந்தச் சூழலைச் சொல்லாமல் ஆலோசனை கேட்பதுதான் நம் ஊர் இளம் ரைடர்களின் பெரிய சிக்கல். சேலத்திலிருந்து டாடா ஏஸில் வண்டியை ஏற்றிக்கொண்டு கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, சென்னை இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கோ போகிறார்கள். அங்கே மூன்று அனுபவசாலிகளிடம் ‘எத்தனை காத்து வைக்கட்டும்?’ என்று கேட்கிறார்கள். ஒருவர் 28 என்கிறார், ஒருவர் 30, ஒருவர் 32. ‘ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க’ என்று நொந்து திரும்புகிறார்கள். மூவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். கேள்வியில் இல்லாத பாதியை ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த வகையில் நிரப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

## முதலில் அந்த விதி

2025 மோட்டோஜிபி விதிப்படி முன் ஸ்லிக் டயருக்கு (கோடு வெட்டாத பந்தய டயர்) குறைந்தபட்ச அழுத்தம் 1.80 பார், ஏறத்தாழ 26 பிஎஸ்ஐ. நின்ற வண்டியில் கேஜ் வைத்துப் பார்க்கும் அளவு இல்லை இது. ஓடும்போதே சக்கரத்தில் உள்ள சென்சார் சொல்லும் அளவு. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் 60 விழுக்காடு சுற்றுகளாவது இந்த அளவுக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையேல் 16 வினாடி தண்டனை. சனிக்கிழமை நடக்கும் குறும்பந்தயமான ஸ்பிரிண்டில் 30 விழுக்காடு, 8 வினாடி. 2025 ஏப்ரலில் கத்தாரில் இரண்டாவதாக வந்த மாவெரிக் வின்யாலெஸ் இந்த விதியால் 14ஆம் இடத்துக்குப் போனார்.

அழுத்தம் மிகக் குறைந்தால் டயரின் உடல் அளவுக்கு மீறி நெளிந்து சேதமாகும். அதைத் தடுக்கவே கீழ்வரம்பு. அணிகளோ அந்த வரம்பை ஒட்டியே ஓட விரும்புகின்றன. அழுத்தம் ஏற ஏற முன் டயர் தடத்தில் பதியும் பரப்பு சுருங்கும், பிரேக்கில் பூட்டிக்கொள்ளும், வளைவில் வழுக்கும்.

நம் கிளப் பந்தயங்களில் சென்சாரும் இல்லை, தண்டனையும் இல்லை. ஆனால் இயற்பியல் அதேதான். மூடிய டயருக்குள் இருக்கும் காற்று சூடானால் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். 30 டிகிரி சூட்டில் 30 பிஎஸ்ஐ வைத்த டயர் ஓடி 60 டிகிரிக்கு வந்தால் சுமார் 34.4 பிஎஸ்ஐ காட்டும். ஓடுவதற்கு முன் உள்ளதைக் குளிர் அழுத்தம் என்கிறோம், ஓடி வந்தவுடன் உள்ளதைச் சூட்டு அழுத்தம். ஒருவர் 30 என்று குளிர் அழுத்தத்தையும் இன்னொருவர் 34 என்று சூட்டு அழுத்தத்தையும் சொன்னால் இருவரும் ஒரே டயரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

வெயில் வேறு இதில் விளையாடும். காலை 24 டிகிரியில் வைத்த 30 பிஎஸ்ஐ, மதியம் 36 டிகிரியில் வண்டி சும்மா நிற்கும்போதே 32க்குப் பக்கத்தில் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றைத் திறந்து மறுபடி 30 ஆக்குபவர், காலையில் இருந்ததைவிடக் குறைந்த காற்றோடு தடத்தில் இறங்குகிறார். ஒரே நாளில் ‘காலையில் நல்லா இருந்துச்சு, மதியம் என்னமோ ஆயிருச்சு’ என்ற புகாரில் நல்ல பங்கு இதனால்தான்.

## யாரிடம் எதைக் கேட்பது

பெரிய அணிகளில் தலைமைப் பொறியாளர் ஒருவர் இருப்பார். ரைடர் உடம்பில் உணர்ந்ததைப் பொறியியல் மொழிக்கு மாற்றுவதே அவர் தலையாய வேலை. 2004இல் வாலன்டினோ ரோஸி ஹோண்டாவை விட்டு யமஹாவுக்குப் போனபோது தன் தலைமைப் பொறியாளர் ஜெரமி பர்ஜஸையும் உடன் அழைத்துப்போனார். முதல் பந்தயத்திலேயே, தென்னாப்பிரிக்காவின் வெல்கமில், வென்றார். வண்டி புதிது, மொழிபெயர்ப்பவர் பழையவர்.

நம் நிலையில் அந்த மொழிபெயர்ப்பாளர் கிடையாது. ரைடரே அந்த வேலையையும் செய்ய வேண்டும். பிட்டில் (தடத்தோரம் வண்டிகளைத் தயார்செய்யும் இடம்) கிடைக்கும் ஆட்கள் இவர்கள்:

1. டயர் ஆள். டயரின் மேற்பரப்பைத் தொட்டும் பார்த்தும் சொல்லக்கூடியவர். சூடு ஆறுவதற்குள் காட்ட வேண்டும்.
2. சஸ்பென்ஷன் ட்யூனர். அவருக்கு உங்கள் எடையும் ஸ்பிரிங்கின் அளவும் தெரிய வேண்டும்.
3. எஞ்சின் ட்யூனர். ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளை), பிளக், மேப் (இன்ஜெக்ஷன் வண்டியில் எரிபொருள் அளவைச் சொல்லும் அட்டவணை), ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) எல்லாம் இவர் பக்கம்.
4. ஸ்க்ரூட்டினி அதிகாரி, அதாவது வண்டி விதிப்படி இருக்கிறதா என்று பரிசோதிப்பவர். எது அனுமதி, எது இல்லை என்பதில் இவர் சொல்தான் இறுதி. 165 சிசி நோவிஸ் போன்ற ஸ்டாக் பிரிவில் (பெரும்பாலும் கம்பெனி பாகங்களோடே ஓடும் பிரிவு) ஓடுபவர் எந்தப் பாகத்தை மாற்றுவதற்கு முன்பும் இவரைக் கேட்க வேண்டும். நண்பர் சொன்னார் என்று மாற்றிவிட்டு வாங்கிய கோப்பையைத் திருப்பிக் கொடுப்பது கொடுமை.
5. மூத்த ரைடர். எந்தப் பாதையில் போவது, எங்கே பிரேக் பிடிப்பது என்பதற்கு இவரைவிட்டால் ஆள் இல்லை. ஆனால் அவர் வண்டியின் சஸ்பென்ஷன் திருகாணியின் கிளிக் எண்ணிக்கை உங்கள் வண்டிக்குப் பயன்படாது. எடை வேறு, ஸ்பிரிங் வேறு.

நேரமும் முக்கியம். பந்தயத்துக்குப் பத்து நிமிடம் முன்பு யாரையும் கேட்காதீர்கள். பயிற்சிச் சுற்று முடிந்து வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடம்தான் பொன்னான நேரம். டயர் சூடாக இருக்கும், ஒவ்வொரு வளைவும் நினைவில் இருக்கும்.

## வளைவை நான்காக உடையுங்கள்

பிட்டில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது:

‘அண்ணா, முன்னாடி தள்ளுதுங்க.’

‘எங்க தம்பி? பிரேக்க விடறப்பவா, நடுவுல சாஞ்சு நிக்கறப்பவா, ஆக்ஸிலேட்டர் குடுக்கறப்பவா?’

‘எல்லா எடத்துலயும்ங்க.’

இங்கே ஆலோசனை செத்துவிடுகிறது. ‘எல்லா இடத்திலும்’ என்றால் ட்யூனரால் ஊகிக்க மட்டுமே முடியும். சேலத்தில் எந்த லேத் பட்டறைக்காவது போய் ‘புஷ் கொஞ்சம் லூசா இருக்கு, சரி பண்ணிக் குடுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். ‘சாம்பிளக் கொண்டா, இல்லன்னா அளவச் சொல்லு’ என்பார் டர்னர். அவருக்கு மைக்ரோமீட்டர் எண் வேண்டும். ட்யூனருக்கும் அப்படித்தான். வளைவின் எந்தக் கட்டத்தில் என்பது அவருக்கு அந்த எண்.

ஒரு வளைவுக்கு நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எடை வேறு சக்கரத்தில் இருக்கிறது. ஆகவே ‘முன்னாடி தள்ளுது’, அதாவது வளைவில் வண்டி கோட்டை விட்டு வெளியே ஓடுகிறது என்ற ஒரே அறிகுறிக்கு நான்கு வெவ்வேறு வைத்தியம்.

1. நேராகப் பிரேக் பிடிக்கும்போது. எடை முழுக்க முன்னே. ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன் குழாய்கள்) சட்டென்று இறங்கி அடியில் முட்டினால் ஸ்பிரிங் மெலிது, அல்லது ஆயில் மட்டம் குறைவு, அல்லது கம்ப்ரஷன் (அமுங்கும் வேகத்தைத் தடுக்கும் அளவு) போதவில்லை. பின்சக்கரம் தூக்கி ஆடினாலும் முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான்.

2. பிரேக்கை விட்டுக்கொண்டே சாயும்போது. அழுத்தப்பட்ட ஃபோர்க் மேலே எழும் கட்டம். மிக வேகமாக எழுந்தால் வண்டியின் மூக்கு நிமிர்ந்து கோடு விரியும். இங்கே வெளியே ஓடினால் முன் ரீபவுண்டை (எழும் வேகத்தைத் தடுக்கும் அளவு) சற்று இறுக்குவது முதல் முயற்சி.

3. நடுவில், பிரேக்கும் இல்லை ஆக்ஸிலேட்டரும் இல்லை என்ற நொடியில். இங்கே திரும்ப மறுத்தால் வண்டியின் உயர வடிவம்தான் சந்தேகத்துக்குரியது. முன்பக்கம் உயரம், அல்லது பின்பக்கம் தாழ்வு. ஃபோர்க் குழாய்களை அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் 2 முதல் 3 மி.மீ. மேலே ஏற்றிப் பூட்டினால் முன்பக்கம் அந்த அளவு தாழ்ந்து, திருப்பம் கூர்மையாகும். ஒரே தடவையில் 5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நேர்க்கோட்டில் வண்டி ஆட ஆரம்பிக்கும். முழுதாக இறங்கும்போது சக்கரம் எதையாவது தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

4. ஆக்ஸிலேட்டர் திறக்கும்போது. எடை பின்னே போகிறது. பின்பக்கம் அளவுக்கு மீறி உட்கார்ந்தால் முன்சக்கரத்தின் பிடி குறைந்து வண்டி வெளியே தள்ளும். ரைடருக்கு இது ‘முன்னாடி தள்ளுது’ என்றுதான் தெரியும். காரணமோ பின்னால் இருக்கிறது: பின் ப்ரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) குறைவு, அல்லது பின் கம்ப்ரஷன் தளர்வு.

இரண்டாவதையும் நான்காவதையும் குழப்பிச் சொன்னால் என்ன ஆகும்? நோய் பின்னால், மருந்து முன்னால். ட்யூனர் முன் ரீபவுண்டை இறுக்குவார். ஃபோர்க் எழ நேரமின்றித் தாழ்ந்துகொண்டே போகும். அடுத்தடுத்த குலுக்கல்களில் முன் டயர் தடத்தை விட்டு எழும். விழுந்தபின் ‘அவர் சொன்ன செட்டிங்கால்தான்’ என்று பேச்சு வரும்.

கேட்கும் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: ‘அண்ணா, மூணாவது வளைவு, ரெண்டாவது கியர், ஆக்ஸிலேட்டர் பாதி திறக்கறப்ப வெளிய போகுது. முதல் ரெண்டு சுத்து நல்லா இருந்துச்சு, அஞ்சாவது சுத்துல இருந்துதான். பின் டயர் சூட்டு அழுத்தம் 35.’ ‘ஐந்தாவது சுற்றிலிருந்து’ என்ற சொல்லே பாதி விடை. முதல் சுற்றிலிருந்தே இருந்தால் வடிவம் அல்லது ஸ்பிரிங். போகப்போக வந்தால் டயர் அல்லது ஷாக் (பின் சஸ்பென்ஷன்) ஆயிலின் சூடு.

ஒரு வேண்டுகோளை எப்போதும் முன்வையுங்கள்: ‘ஒரு செஷன் அந்த வளைவுல நின்னு பாருங்கண்ணா.’ வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு ரைடர் உணராதவை தெரியும். ஹேண்டில்பாரைத் தொங்கிப் பிடித்திருப்பது, இருபது அடி முன்னதாகவே பிரேக்கை விட்டுவிடுவது, எல்லாம். வெளியே ஓடும் வண்டிகள் பலவற்றில் செட்டிங்கில் தவறே இருக்காது. ரைடரின் கை இறுகியிருக்கும்.

## கையோடு கொண்டுபோக வேண்டிய அளவுகள்

நல்ல ட்யூனர் முதலில் கேட்பது சாக். வண்டி தன் எடையில் எவ்வளவு இறங்குகிறது என்பது வெறும் சாக். ரைடர் முழு உடையோடு ஏறியதும் மொத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பது ரைடர் சாக். தடத்துக்குப் போகும் முன் சேலத்திலேயே, வீட்டு வாசலில், இரண்டு நண்பர்களை வைத்து அளந்துவிடலாம்.

1. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் டஸ்ட் சீலுக்கும் கீழ்க் கிளாம்புக்கும் இடையே உள்ள குழாய் நீளத்தை அளக்கவும். உதாரணமாக 130 மி.மீ.
2. வண்டியை இறக்கி, ரைடர் லெதர், பூட், ஹெல்மெட்டோடு பந்தய நிலையில் குனிந்து உட்காரட்டும். ஒருவர் பின்னால் நிமிர்த்திப் பிடிக்கட்டும்.
3. ஃபோர்க்கை அழுத்தி, மெல்ல எழவிட்டு அளக்கவும்: 92.
4. முன்பக்கத்தைத் தூக்கி, மெல்ல இறங்கவிட்டு அளக்கவும்: 98.
5. சராசரி 95. 130இல் கழித்தால் 35 மி.மீ. அதுதான் ரைடர் சாக்.

இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம், இங்கே 6 மி.மீ., ஃபோர்க்கின் உராய்வு. அது 10ஐத் தாண்டினால் எந்த செட்டிங்கும் வேலைக்கு ஆகாது. முதலில் வளைந்த குழாய், கோணிப் பூட்டிய ஆக்சில், காய்ந்த சீல் இவற்றைச் சரிசெய்ய வேண்டும். இதை அளக்காமல் கிளிக்குகளைத் திருகுவது வீண்.

தட ஓட்டத்துக்கு ரைடர் சாக் முன்னே 30 முதல் 35 மி.மீ., பின்னே 25 முதல் 30 என்பது தொடக்க அளவு. வெறும் சாக் பின்னே 5 முதல் 10 இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஸ்பிரிங்கின் கதை தெரியும். ரைடர் சாக் சரியாக இருந்தும் வெறும் சாக் சுழி என்றால், மெலிந்த ஸ்பிரிங்கை ப்ரீலோடால் இறுக்கி வைத்திருக்கிறீர்கள். ரைடர் சாக் சரியாக இருந்து வெறும் சாக் 20 என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மிகக் கடினம். தலைகீழாகத் தோன்றும், ஆனால் இதுதான் சரி. ப்ரீலோடு ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதில்லை. வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றுகிறது. பிட்டில் பரவியிருக்கும் தவறான நம்பிக்கைகளில் முதலிடம் இதற்குத்தான்.

கிளிக் எண்ணிக்கையைச் சொல்ல ஒரே முறை: திருகாணியை வலமாக மெல்ல முழுதும் மூடி, அங்கிருந்து இடமாக எத்தனை கிளிக் என்று எண்ணுவது. மூடும்போது பலம் காட்டினால் உள்ளே ஊசி முனை நசுங்கும். ‘ரெண்டு கிளிக் கூட்டு’ என்று யாராவது சொன்னால் மூடும் பக்கமா, திறக்கும் பக்கமா என்று உடனே கேளுங்கள். ஒருவர் கூட்டு என்பது இன்னொருவருக்குக் குறை.

நம் ஊர் வண்டிகள் பலவற்றில் முன் ஃபோர்க்கில் திருகாணியே கிடையாது. அப்போது கையில் இருப்பவை மூன்று. ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசர், ஆயிலின் கனம், ஆயில் மட்டம். ஸ்பேசரை லேத்தில் கடைந்துகொள்ளலாம், இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்பதே கட்டாயம். ஆயில் மட்டத்தை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுதும் இறக்கி வைத்து, மேல் விளிம்பிலிருந்து ஆயில் வரை அளக்க வேண்டும். மட்டத்தை 5 முதல் 10 மி.மீ. உயர்த்தினால் முதல் பாதி அப்படியே இருக்க, கடைசிப் பகுதி மட்டும் இறுகும். அடியில் முட்டுவதற்கு இது நல்ல மருந்து. ஆயில் கனத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் 10 என்ற எண்ணும் இன்னொன்றின் 10 என்ற எண்ணும் ஒரே பாகுத்தன்மை அல்ல. பாட்டிலின் தொழில்நுட்பத் தாளில் 40 டிகிரியில் உள்ள பாகுத்தன்மையைப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

இன்னும் இரண்டு சிறு பொருட்கள். ஃபோர்க் குழாயில் கட்டிய ஒரு கேபிள் டை. ஓடி வந்ததும் அது நிற்கும் இடம் எவ்வளவு இறங்கியது என்று காட்டும். கடும் பிரேக்கிலும் அடியில் 10 மி.மீ. மிச்சம் இருந்தால் நல்லது. அடுத்து, சொந்தமான ஒரு காற்று கேஜ். இரண்டு கேஜ்கள் 1 அல்லது 2 பிஎஸ்ஐ வேறுபடுவது சாதாரணம். டயர் ஆளின் கேஜோடு உங்களுடையதை ஒருமுறை வைத்துப் பார்த்து வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால், அவர் சொல்லும் எண் உங்கள் எண்ணாகும்.

## சொன்னதைச் சோதிப்பது

ஆலோசனை கிடைத்ததும் ஒரே ஒரு மாற்றம். ஓடிப் பாருங்கள். பிறகு பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி ஓடுங்கள். இந்த மூன்றாவது ஓட்டத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதுதான் உண்மையைச் சொல்வது. இரண்டாவது ஓட்டம் வேகமாக இருந்ததற்குக் காரணம் செட்டிங்கா, தடத்தில் ரப்பர் படிந்ததா, உடம்பு சூடேறியதா என்பதைப் பிரித்துக் காட்ட வேறு வழி இல்லை. ஒப்பிடும்போது ஆகச் சிறந்த ஒரு சுற்றை எடுக்காமல், தடங்கலின்றி ஓடிய நான்கைந்து சுற்றுகளின் சராசரியை எடுக்க வேண்டும்.

ஒரு மாற்றம் என்று நாம் நினைப்பது இரண்டு மூன்றாக இருக்கும் என்பதற்கு ஸ்ப்ராக்கெட் நல்ல உதாரணம். முன்னே 13, பின்னே 44 பல் உள்ள வண்டியில் பின்னே 45 போட்டால் விகிதம் 2.3 விழுக்காடு ஏறும். முன்னே 14 போட்டால் 7 விழுக்காடு இறங்கும். முன் ஒரு பல், பின் மூன்று பல்லுக்குச் சமம். இதுவரை எஞ்சின் ட்யூனர் சொல்வார். அதே செயினோடு பின்னே ஒரு பல் கூட்டினால் பின் ஆக்சில் 3 முதல் 4 மி.மீ. முன்னே வரும். சக்கர இடைவெளி குறையும், வண்டியின் திருப்பமும் பின்பக்கம் உட்காரும் விதமும் சற்று மாறும். எஞ்சின் ட்யூனர் சொல்லிப் பல்லை மாற்றிய ரைடர், மதியம் சஸ்பென்ஷன் ட்யூனரிடம் போய் ‘நான் எதையும் மாத்தல’ என்கிறார். செட்டிங் நோட்டில் தேதி, நேரம், காற்றின் சூடு, குளிர் மற்றும் சூட்டு அழுத்தம், கிளிக்குகள், பற்கள், ஆக்சில் குறி எல்லாம் எழுதி, அந்தப் பக்கத்தை நிபுணரிடம் நீட்டுவதே இதற்கு மாற்று.

## சேலத்தில் சரி, ஏற்காட்டில் தவறு

ஏற்காட்டு ரைடர்களும், அங்கே போய் வண்டியைப் பழக்குபவர்களும் கேட்கும் கேள்வி: தடத்தில் ட்யூனர் போட்டுக் கொடுத்த கார்புரேட்டர் செட்டிங் மலையில் ஏன் திணறுகிறது?

சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். மேலே காற்றழுத்தம் குறைவு. குளிர்ச்சி அதில் கொஞ்சத்தை ஈடுகட்டினாலும், சேலத்தில் 34 டிகிரி, மேலே 25 டிகிரி என்று வைத்தால் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் நிறை அந்த அளவு குறைகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் அதே அளவு குறைவதில்லை, ஏறத்தாழ பாதியளவே குறைகிறது. விளைவு, கலவை 5 முதல் 6 விழுக்காடு கெட்டியாகிறது. மேலே வண்டி இழுக்காமல் மந்தமாவதும், பிளக்கில் கரி படிவதும் அதனால்தான். மெயின் ஜெட்டை ஒரு படியோ இரண்டு படியோ குறைப்பது மருந்து. இறங்கியதும் திரும்பப் போட்டே ஆக வேண்டும். மலைக்குப் போட்ட ஜெட்டோடு கோவையில் முழு ஆக்ஸிலேட்டரில் ஓடினால் கலவை மெலிந்து பிஸ்டன் வெந்துவிடும். ஜெட் எண்ணைச் சொல்லும்போது கார்புரேட்டர் எந்த நிறுவனத்தது, மிக்குனியா கெய்ஹினா என்பதையும் சொல்லுங்கள். இரண்டின் எண்களும் ஒரே முறையில் இடப்பட்டவை அல்ல.

ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் காற்றழுத்த சென்சார் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். பத்தில் ஒரு பங்கு வலு குறைவதை மட்டும் யாராலும் மீட்டுத் தர முடியாது. ‘ஏற்காட்டுல இழுவை இல்ல, மேப் மாத்தணும்’ என்று பணம் செலவழிப்பதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும். சேலத்துக்கும் கோவைக்கும், சேலத்துக்கும் சென்னைக்கும் உள்ள உயர வித்தியாசம் ஜெட்டை மாற்றும் அளவுக்குப் பெரிது இல்லை.

டயர் விஷயத்தில் மலை வியப்பான விடை தருகிறது. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் சுமார் 2 பிஎஸ்ஐ கூட்டிக் காட்ட வேண்டும். ஆனால் 9 டிகிரி குளிர்ச்சி அதில் ஒன்றேகால் பிஎஸ்ஐயைத் தின்றுவிடுகிறது. மிச்சம் அரை, முக்கால். ஆக எஞ்சினுக்குச் சொன்ன ஆலோசனை மலையில் செல்லாது, டயருக்குச் சொன்னது ஏறத்தாழ செல்லும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு முழு எரிப்புக்கான காற்று–எரிபொருள் விகிதம் 14.7. இருபது விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு அது 13.5 அளவில். அதாவது அதே காற்றுக்குச் சுமார் 9 விழுக்காடு கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய பெட்ரோல் காலத்து ஜெட் எண்ணை யாராவது நல்லெண்ணத்தோடு சொன்னால், அது இன்று மெலிந்த கலவை. ட்யூனர் ‘12.8ல வச்சிருக்கேன்’ என்றால் லாம்டா (இருக்கும் விகிதத்தை முழு எரிப்பு விகிதத்தால் வகுத்த எண்) எவ்வளவு என்று கேளுங்கள். மீட்டர் 14.7ஐ அடிப்படையாக வைத்துக் காட்டினால் 12.8 என்பது லாம்டா 0.87. எந்தப் பெட்ரோலுக்கும் பொருந்தும் எண் அது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிவாரத்திலிருந்து ஏறும் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகள் சோதனைத் தடம் அல்ல. பேருந்தும் காய்கறி வண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் பாதை. கொண்டை ஊசியில் போகும் வேகத்தில் ஃபோர்க் பாதிகூட இறங்காது, டயர் தடத்துச் சூட்டுக்கு வராது. உயிரைப் பணயம் வைத்தாலும் அங்கே கிடைக்கும் தகவல் ட்யூனருக்கு உதவாது.

## மறுக்க வேண்டிய ஆலோசனைகள்

அளக்காமல், எடையைக் கேட்காமல், டயரைத் தொடாமல் எண் சொல்பவரிடம் நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம். ஒரே மூச்சில் மூன்று மாற்றம் சொல்பவரிடம் ‘முதல்ல எதைப் பண்ணட்டும்?’ என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்பவர் கேட்கத் தகுந்தவர். ‘ஏன்?’ என்றதற்குக் கோபப்படாமல் எந்தச் சக்கரத்தில் எடை எங்கே போகிறது என்று விளக்குபவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். அவருடைய ஆலோசனை பலித்ததா இல்லையா என்று மாலையில் போய்ச் சொல்லுங்கள். பலிக்காததையும் சொன்னால்தான் அடுத்த முறை அவரால் கூர்மையாகச் சொல்ல முடியும். பெரும்பாலானோர் வென்றால் மட்டுமே திரும்பி வருகிறார்கள் என்பது ட்யூனர்களின் நியாயமான வருத்தம்.

வண்டியை ஓட்டியே ஊர் திரும்புபவர்கள் அவிநாசி வழியாக நெடுஞ்சாலையைப் பிடிக்கும் முன் தடத்துக்காகக் குறைத்த காற்றைக் கம்பெனி சொன்ன சாலை அழுத்தத்துக்கு ஏற்றிவிட வேண்டும், டயர் ஆறிய பிறகு. மினி லாரியில் ஏற்றுபவர்கள் ஃபோர்க்கைப் பாதியளவு மட்டும் இறக்கிப் பட்டை கட்டினால் போதும். முழுதாக அமுக்கிக் கட்டி இரவு முழுக்க விட்டால் ஆயில் சீல் கசியத் தொடங்கும், அடுத்த வாரம் அளக்கும் சாக் எண்ணும் பொய் சொல்லும்.